கடைசி வரி

ரோஸ்ஹில் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ் பக்கத்துக்கு நான்கு ரூபாய்,
பிழை திருத்த ஐம்பது,
எழுதித் தர நூறு. கடன் கிடையாது.

பூபாலன் அர்னாசெல்லம் நனைந்துகொண்டே வந்தான்.
எந்தக் காலத்திலோ ஓர் எழுத்தர்
அருணாசலத்தைப் பதிவேட்டில் மடக்கிப் போட்டது
இன்னும் நிமிரவில்லை.
துறைமுக அலுவலகத்தில் ஒரே ஓர் இடம்,
கடிதப் பிரிவில் உதவியாளர்.
விண்ணப்பத்தின் கடைசி வரியில்
உங்கள் பதிலை 'அட்டெண்ட்' செய்கிறேன் என்று இருந்தது.

அடித்தேன்.
அத்தாந்த்ர் பிரெஞ்சில் காத்திருப்பது.
அட்டெண்ட் ஆங்கிலத்தில் வந்திருப்பது.
நீ இன்னும் போகவே இல்லையே, பூபாலன்.
'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று மேலே எழுதினேன்.
அதற்குப் பின்னால் 'ஹியர்' வராது, 'ஹியரிங்' வரும்;
இது வினையைத் தள்ளிக்கொண்டு போகிற 'டு' இல்லை,
பெயர்ச்சொல்லுக்குக் கை நீட்டுகிற 'டு'.
அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுப்பத்தியில் இன்னொன்று.
போட்டிக்கு நிற்பவர்களை 'கன்கரண்ட்' என்று எழுதியிருந்தான்.
அதுவும் பிரெஞ்சு போட்ட குட்டி.
அங்கே அது எதிராளி,
இங்கே ஒரே நேரத்தில் நடப்பது.
'காம்பெடிட்டர்ஸ்' என்று மாற்றினேன்.
அவர்கள் 'வித்' போட்டியா, 'அகெய்ன்ஸ்ட்' போட்டியா என்றான்.
இரண்டும் சரிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.
பஸ் கிளம்பிய பிறகு தோன்றியது:
நாமும் அவனோடுதான் போட்டி போடுகிறோம்.
ஓடு என்றால் சேர்ந்து.
ஓடு என்றால் ஓட்டம்.

வியாழக்கிழமை தேவியானி வைதிலிங்கோம். அதே வேலை.
அவளுடைய கடைசி வரியில்
முற்றுப்புள்ளி அவசரப்பட்டு விழுந்திருந்தது:
'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்.'
உங்கள் நல்ல பதிலை என்பது
அடுத்த வரியில் தனியாக நின்றது.

சிரித்துவிட்டேன்.
எதை என்று கேட்கிற சொல், மா, இது.
எதை என்று சொல்லாமல் விட்டால்
வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம்.

அவள் கைப்பையை மடியில்
இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டாள்.
பதினோரு வாரம் என்றாள். வீட்டில் தெரியாது.

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில்
ஒரு தவறும் இல்லை.
அடிக்கச் சொன்னாள், அடித்தேன்.
ஐம்பது ரூபாயும் வாங்கினேன்.
வாங்கியிருக்க வேண்டாம்.

இழுப்பறையில், ஸ்டேப்ளர் பெட்டிக்கு அடியில்,
மூன்றாவது விண்ணப்பம் கிடந்தது.
என்னுடையது. பிழையில்லாதது.
மூன்றும் ஒரே வரியில் முடிந்தன.
அவன் தாளில் அந்த 'இங்'கை மட்டும்
திருத்தாமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.
ஒரு முறை.
இல்லை, இரண்டு முறை.

அன்று ஷட்டரை இழுக்கும்போது
எதிர்பார் என்ற சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது.
அதற்குள் எதிர் எதற்கு?
வருவதை எதிரே நின்று பார்ப்பதா,
எதிரே நிற்கிறவரைப் பார்ப்பதா?
ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை,
முன்னால் பார் என்கிறது, முடித்துக்கொள்கிறது.

போர்ட் லூயிஸ். மூன்றாம் மாடி. ஒரே பெஞ்ச்.
பூபாலன் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு என் கையிலிருந்த ஃபைலை.
தேவியானி எதுவும் கேட்காமல்
நகர்ந்து இடம் விட்டாள்.
மூன்று பேரின் மூச்சும் ஏறி இறங்க,
அவன் முதலில் எழுதியிருந்த அந்தச் சொல்
எந்த மொழியிலும் சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்து ஒருத்தி
பிரெஞ்சில் கேட்டாள், யார் காத்திருக்கிறது என்று.
மூவரும் எழுந்தோம்,
தேவியானி கொஞ்சம் மெதுவாக.